ஜாஹிரா பீவி வீட்டு வைஃபை

ஜாஹிரா பீவியிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த வியாபாரி தென்காசியில் இன்னும் பிறக்கவில்லை. மீன்காரர் தராசைத் தூக்கினால் ஊரார் மீனைப் பார்ப்பார்கள். அவள் குனிந்து தட்டின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் கொண்டுவந்த ஆளை நிறுத்திவைத்து, சிலிண்டரை ஒரு ஆட்டு ஆட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பாள். உள்ளே என்ன சத்தம் வரவேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் தெரியாது. ஆனாலும் அவர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பார்.

இதைக் கேட்டுவிட்டுப் பொல்லாத பொம்பளை என்று நினைத்துவிடக் கூடாது. பண்பொழியில் அண்ணன்மார்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள். கடைத்தெரு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் இருந்தவள். தென்காசி முகம்மது யூசுப்புக்கு வாழ்க்கைப்பட்டாள். கை மருதாணி அழிவதற்குள் மாப்பிள்ளை சவுதிக்கு விமானம் ஏறிவிட்டார். தம்மாமில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், கொண்டுவந்த பெட்டி காலியானதும் போய்விடுவார். வீட்டுக்கு வருகிற கொத்தனார், பிளம்பர், வைத்தியர், பால்காரர் எல்லாரையும் அவளே பேசி, அவளே பார்த்து, அவளே அனுப்ப வேண்டும். எவன் ஏமாற்றினாலும் கேட்க வீட்டில் ஆம்பிளை இல்லை. அப்புறம் சந்தேகப்படாமல் என்ன செய்வாள்?

மாமனார் மசூது ராவுத்தர் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். பணத்தை யூசுப் அனுப்பினார். கட்டிடத்தை எடுத்த மேஸ்திரி இலத்தூர்க்காரர், சிரித்த முகம், வாய்க்கு வாய் "தாயி, தாயி" என்பார். அந்தத் தாயியில்தான் ஜாஹிராவுக்குச் சந்தேகம் தட்டியது. காரணமில்லாமல் எவனாவது இத்தனை மரியாதை கொடுப்பானா? ஒரு துண்டுக் கம்பியைத் துப்பட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பஜார் இரும்புக் கடைக்குப் போய்க் காட்டினாள். பேசியது ஒரு கனம், போட்டது வேறு கனம். மறுநாள் கான்கிரீட் ஊற்ற ஆள் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் விடவில்லை. தெருவைக் கூட்டி, சத்தம் போட்டு, கட்டிய கம்பி மொத்தத்தையும் பிரிக்க வைத்தாள்.

"நீ இல்லேன்னா அந்த மாடி நம்ம தலையிலதான் இறங்கியிருக்கும்ட்டி" என்றார் யூசுப் போனில்.

அந்த ஒரு வார்த்தை போதும். அன்றிலிருந்து சந்தேகம் என்பது அல்லாஹ் தனக்கென்று தனியாகக் கொடுத்த பரக்கத் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் மேலப்பாளையத்திலிருந்து மகள் சஃப்ரினின் மாமியார் வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வருவார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்காருகிறவர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். ஜாஹிரா ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, "சாரல் நேரம் பாருங்க, சரியாக் கிடைக்காது" என்பாள். சம்பந்தி வீடு என்றாலும் அத்தனை பேரையும் உள்ளே விட முடியுமா என்ன!

மசூது ராவுத்தர் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வீடு இரண்டானது. தெரு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஜாஹிரா பீவி. அந்தப் பக்கம் யூசுப்பின் தம்பி நாசர், அவர் மனைவி மாஜிதா, அவர்கள் மகன் அஹ்சன். நாசருக்குப் பஜாரில் கைலிக் கடை. பாகம் பிரிக்கும்போது ஒரு சண்டை கிடையாது. பிரியாணி தேக்சாவிலிருந்து தென்னை மரம் வரைக்கும் அழகாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசியில் "மசூது மன்ஸில்" என்று வாப்பா பேர் வெட்டிய கல் யாருக்கு என்பதில் வந்து நின்றது. மூத்தவருக்குத்தான் என்று ஜாஹிரா ஒற்றைக் காலில் நின்றாள். நாசர் நேரே போய் அதே எழுத்தில் இன்னொரு கல் செய்துவந்து தன் வாசலிலும் பதித்துவிட்டார்.

"பேரையும் திருடியாச்சு" என்றாள் ஜாஹிரா, சுவரைப் பார்த்து, மாஜிதாவுக்குக் கேட்கும்படியாக. அதோடு பேச்சு நின்றது. பெருநாளைக்குக் கறியும் நோன்புக்குக் கஞ்சியும் மட்டும் தூக்குச் சட்டியில் போய்வந்தன. அதையும் அஹ்சன்தான் கொண்டுவருவான்.

அந்தப் பிள்ளை மேல் அவளுக்குக் கோபம் வராது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. "பெரியம்மா, பெரியம்மா" என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து தின்று வளர்ந்தவன் அவன். டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். யூசுப் தன் கம்பெனி ஸ்டோரிலேயே ஓர் இடம் பேசி, விசாவுக்கு அவன் பேரைச் சொல்லிவைத்திருந்தார். மேனேஜர் சரி என்றுவிட்டார். யூசுப் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னால் பேப்பர் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டார்கள் என்று ஜாஹிராவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

இந்த நேரத்தில்தான் வைஃபை கட்டாக ஆரம்பித்தது.

யூசுப் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ காலில் வருவார். இங்கே அஸர் தொழுகைக்குச் சற்று முந்தின நேரம். ஹாலில் போன் அடிக்கும். ஜாஹிரா எடுத்து சலாம் சொல்லி, சாப்பிட்டியளா என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்கு நடப்பாள். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ஹால், ஓர் அறை, இன்னோர் அறை, நடை, அப்புறம்தான் அடுப்படி. நடையைத் தாண்டுவதற்குள் யூசுப் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோவார். பிறகு அவர் முகத்து மேல் ஒரு வட்டம் சுற்றும். பிறகு லைன் போய்விடும். அவர் திரும்பக் கூப்பிட்டால் சில நேரம் கிடைக்கும், அடுப்படிக்கும் நடைக்குமாக அவள் நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் போகும். மாதக்கணக்கில் முகம் பார்க்காத மனுஷனிடம் உருப்படியாக ஒரு பேச்சுப் பேச முடியவில்லை.

"பேச இஷ்டமில்லேன்னா சொல்லிரு. எதுக்கு சும்மா சும்மா கட் பண்ணுத?" என்றார் அவர் ஒரு நாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இந்த போனைக் கட்டிக்கொண்டு அழுததற்கு இதுவா கூலி? போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையில் இறங்கினாள்.

முதலில் அகப்பட்டவர் கேபிள்காரர் கடற்கரை. இணைப்புக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனுஷன், சாரலில் நனைந்துகொண்டே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"லைட்டெல்லாம் பச்சையா எரியுது அக்கா. வயரும் நல்லாருக்கு."

"பச்சை எரிஞ்சா ஆச்சா? பேச முடியலையே."

அவர் தன் போனை எடுத்து ஏதோ சோதித்தார். ஒரு முள் சர்ரென்று ஏறி உச்சியில் போய் நின்றது. "ஃபுல் ஸ்பீடு வருது. பாத்துக்கிடுங்க."

"நீங்க வந்தா மட்டும் ஏன் வருது? டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரில்லா இருக்கு."

கடற்கரை தலையைச் சொறிந்தார். "எங்கன வச்சு கட்டாவுது?"

"வீட்டுக்குள்ளதான்."

"வீட்டுக்குள்ள எங்கன?" என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஹாலுக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது. மாப்பிள்ளை ஊரில் இல்லாத வீடு. மின்சார வேலைக்காரர் ஆனாலும் சரி, ரேஷன் கணக்கெடுக்க வந்தவர் ஆனாலும் சரி, அந்தத் திரையோடு நின்றுகொள்ள வேண்டும். இது அவள் போட்ட சட்டம் இல்லை, அந்தத் தெரு மொத்தத்துக்கும் அதுதான் வழக்கம். அவள் போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டாள். "எங்கன வச்சுப் பேசினாலும் கட்டாவுது. நீங்க பொட்டியப் பாருங்க" என்றாள்.

அவரும் பெட்டியைப் பார்த்தார். அடாப்டரை மாற்றினார். வயர் முனையைப் புதிதாக வெட்டி ஒட்டினார். இன்னொரு நாள் வந்து பெட்டியையே மாற்றினார். "மசூது மன்ஸில்" என்ற வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பழையபடியே போட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்த ஹாலில் நின்று முள்ளை உச்சிக்கு ஏற்றிக் காட்டிவிட்டு, "ஜம்முன்னு வருது அக்கா" என்று போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் அவள் அடுப்படிக்குப் போவாள். யூசுப் கூப்பிடுவார். வாயைத் திறந்தபடி உறைவார்.

கடற்கரை இல்லையென்றால் வேறு யார்? ஜாஹிரா யோசித்தாள். எப்போதிலிருந்து இந்தத் தொல்லை என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மாஜிதா வீட்டுக்கும் இதே கடற்கரை புதிதாக வைஃபை வயர் இழுத்தாரே, அந்த வாரத்திலிருந்து! பாகம் பிரித்து இத்தனை நாள் நாசர் வீட்டில் வைஃபை கிடையாது. அஹ்சன் ஏதோ ஆன்லைன் வகுப்புப் படிக்க வேண்டும் என்று சாரலுக்கு முந்திதான் போட்டார்கள். அவள் தொடையைத் தட்டிக்கொண்டாள். கம்பியைப் பிடித்த மாதிரியே இதையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. பின்கட்டுத் தகரச் சாய்ப்பில் இரண்டு அடுப்படிக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதுவும் கூரைத் தகடு வரை போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி. அவள் போனில் பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. மாஜிதா ஒட்டுக் கேட்கிறாள்! கேட்டுவிட்டு, பேச்சு தன்னைப் பற்றித் திரும்பும்போது கட் பண்ணுகிறாள்! எப்படிப் பண்ணுகிறாள் என்பதுதான் தெரியவில்லை. மின்கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதில்லையா, அதுபோல வைஃபைக்கும் ஒரு கொக்கி இருக்கும். புது வயர் இழுத்தது ஊருக்குக் காட்ட. உறிஞ்சுவது மசூது மன்ஸில் மூத்த வீட்டுச் சரக்கை. பேரைத் திருடினவர்களுக்கு இதைத் திருட எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாள் கால் கிடைத்தபோது ஹாலிலேயே உட்கார்ந்து, திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி யூசுப்பிடம் சொன்னாள்.

"எல்லாம் உங்க தம்பி பொண்டாட்டி வேலைங்க. நீங்க என்கிட்ட பேசுதது அவளுக்குப் பொறுக்கல."

"சீ, மாஜிதாவா? அந்தப் பிள்ளைக்குப் போன் ஒழுங்காப் புடிக்கவே தெரியாதே."

"நான் சந்தேகப்பட்டு என்னைக்காவது தப்பாப் போயிருக்கா? மேஸ்திரியப் பத்திச் சொன்னப்பமும் நீங்க இப்படித்தான் சொன்னிய."

மேஸ்திரி என்றால் யூசுப்புக்கு வாய் அடைத்துவிடும்.

அவளுக்கு வேகம் வந்துவிட்டது. "நம்ம குடும்பத்தப் பிரிக்கப் பாக்குதவ வீட்டுக்கா நீங்க விசா எடுக்கப் போறிய?" என்றாள்.

சொன்னதும் அஹ்சன் முகம் வந்து நின்றது. வார்த்தையைத் திரும்ப வாங்க நினைத்தாள்தான். அதற்குள் யூசுப், "பாக்குதேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்குக் கால் கட்டாகவில்லை, அவராகத்தான் வைத்தார். ஹாலில் உட்கார்ந்து பேசினால் ஏன் கட்டாகவில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. மாஜிதாவுக்குக் கேட்கவில்லை, அதனால்தான் கட் பண்ணவில்லை என்று அதையும் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று தோன்றியது. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ரொம்பச் சுலபமான வழி. நம் பெட்டியை அணைத்துவிட்டால் கொக்கியில் என்ன வரும்? காற்றுதான் வரும். அந்தப் பக்கம் எவன் பார்த்துக்கொண்டிருந்தாலும், "ஏலே, நெட்டு போயிருச்சு" என்று ஒரு சத்தம் வந்தே தீரும். அடுப்படிச் சுவரோரம் நின்றால் அந்தச் சத்தம் தானாக வந்து காதில் விழும்.

இரண்டு நாள் கழித்து, மதியம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் ஹாலுக்கு வந்து பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். பச்சை விளக்குகள் எல்லாம் செத்துவிட்டன. போனைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடையாக அடுப்படிக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தப் பக்கம் மாஜிதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கரகரவென்று நிதானமாக, கவலையில்லாத துருவல். அஹ்சன் எங்கோ ஏதோ பாட்டு ஓடவிட்டிருந்தான். பாட்டு நிற்கவில்லை. ஒருத்தரும் ஏலே என்று சொல்லவில்லை. ஜாஹிராவுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை நெஞ்சழுத்தமா இவர்களுக்கு?

அப்போது அவள் கையில் இருந்த போன் அடித்தது.

வீடியோ கால். யூசுப். அவள் போனுக்கு நெட் பேக் போடுவதே கிடையாது. வைஃபை இருந்தால்தான் கால் வரும். பெட்டியோ அங்கே செத்துக் கிடக்கிறது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தாள். யூசுப் முகம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது, மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை வரைக்கும் தெரிந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியை நிஜமாகவே அணைத்தோமா என்று பார்க்க ஹாலுக்கு ஓடினாள். நடையைத் தாண்டும்போதே யூசுப் உறைந்தார். ஹாலில் பெட்டி இருட்டாகத்தான் கிடந்தது. போனின் உச்சியில் வைஃபையின் விசிறிக் குறி இல்லை. திரும்ப அடுப்படிக்கு வந்தாள். சுவர்ப் பக்கம் வர வர விசிறி ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது. தட்டிப் பார்த்தாள். "மசூது மன்ஸில்" என்று அதே பெயர் நின்றது.

மேஸ்திரியின் கம்பியை அளந்த மூளை அது. அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசல் கல்லில் மட்டுமா நாசர் வாப்பா பேரை விட்டுக்கொடுக்காமல் வைத்தார்? வைஃபைக்கும் அதையே வைக்கச் சொல்லியிருக்கிறார். வீடு ஒன்றாக இருந்தபோது எல்லார் போனிலும் போட்ட பழைய பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்டிருக்கிறார். கடற்கரையும் கேட்டபடி போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த முட்டாள் போனுக்குப் பாகம் பிரித்த கதையெல்லாம் எங்கே தெரியும்? ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. ஹாலில் இருக்கும்போது தன் பெட்டியைப் பிடிக்கிறது. அடுப்படிக்கு நடந்தால், அது எட்டாமல் போய், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்திலேயே இருக்கிற மாஜிதாவின் பெட்டிக்குத் தாவுகிறது. தாவுகிற நேரத்தில்தான் யூசுப் உறைகிறார். கடற்கரை ஒரே ஒரு தடவை திரையைத் தாண்டி வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

மாஜிதா அவளிடமிருந்து ஒன்றும் திருடவில்லை. சாரல் தொடங்கினதிலிருந்து மாஜிதா வீட்டு வைஃபையில் நோகாமல் பேசிக்கொண்டிருந்தது அவள்தான். ஜாஹிரா பீவிக்கு முகமெல்லாம் சுட்டது. ச்சே, என்ன மானக்கேடு!

போன் மறுபடி அடித்தது. எடுத்து, பொங்கி வந்த குழம்பைக் கிண்டுவதற்காக அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். ஸ்பீக்கரில் யூசுப்பின் குரல் கணீரென்று வந்தது.

"என்ன, திரும்பவும் கட் பண்ணிட்டாளா? விடு. இனிமே அவளுக்கு நல்லா உறைக்கும். இன்னைக்குக் காலையில மேனேஜரப் பாத்துச் சொல்லிட்டேன், தம்பி மவன் அஹ்சனுக்கு விசா வேண்டாம், அந்த எடத்துக்கு வேற யாரையாவது போட்டுக்கிடுங்கன்னு."

சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

ஜாஹிரா பாய்ந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள். குறைத்து என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியதை அவர் சொல்லி முடித்துவிட்டார். கூரைக்கு அடியில் இருந்த அந்த ஒரு முழ இடைவெளியை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, பேர மாத்தியாச்சா?" என்றாள்.

"சாயங்காலம் பேப்பர் போவும். ஏன்?"

"போகச் சொல்லாதிய. அஹ்சன் பேரே இருக்கட்டும்."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அந்த வீட்டுக்கா விசான்னு கேட்டது நீயா, வேற எவளுமா? நான் போயி நாக்கு ஒண்ணு, பேச்சு ரெண்டுன்னு நிக்கவா? என்ன காரணம்னு சொல்லு. மேனேஜர் கேப்பாருல்லா."

காரணத்தை ஹாலுக்குப் போய், திரையை இழுத்துவிட்டு, அவர் காதில் மட்டும் விழும்படி சொல்லலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தாள். நடை வாசலிலேயே படம் இழுத்தது. பதறிப்போய்ப் பின்னால் வந்தாள். அவள் பெட்டி அணைந்து கிடக்கிறது. அதைப் போட்டால் உயிர் வந்து பேச நேரம் பிடிக்கும், அதற்குள் அவருடைய இடைவேளை முடிந்துவிடும், சாயங்காலம் பேப்பர் போய்விடும். பேசுவதென்றால் இந்தச் சுவரோரம்தான், மாஜிதா நின்று கேட்டுக்கொண்டிருக்கிற இதே இடத்தில்தான்.

சொல்லாமலும் இருக்கலாம். நெட் போய்விட்டது என்று ஒரு விரலால் அமுக்கிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? தெருவில் அவள் பேர் இருக்கும், மேஸ்திரியைப் பிடித்த பேர். பிள்ளைக்கு விசா போய்விடும். அந்தப் பக்கம் அஹ்சனின் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அது அவளை அறுத்தது.

"மாஜிதா ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள், உதடு மட்டும் அசைய. "தப்பு என் மேலதான்."

"என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லு."

அவள் போன் திரையில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். படம் உறையவில்லை, கண் சிமிட்டுகிறார், புருவம்கூட ஏறி இறங்கியது. இந்த மனுஷனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்கிறார் என்று அவளுக்கு நூறு சதவீதம் சந்தேகம் வந்தது. மறுபடி சொன்னாள், கொஞ்சம் கூட்டி. யூசுப் காதைக் கையால் மடித்துக்கொண்டு, "ம்ஹூம்" என்றார்.

கூரை இடைவெளி வழியாக மாஜிதாவின் குரல் வந்தது. பாகம் பிரித்ததற்குப் பிறகு, மூத்த ஓரகத்தியை லாத்தா என்று அழைத்து அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. குரல் உடைந்திருந்தது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"மச்சானுக்குக் கேக்கலங்காவ லாத்தா. சத்தமாத்தான் சொல்லுங்களேன்."

ஜாஹிரா பீவி அடுப்பை அணைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவருக்கு இன்னும் ஒட்டி நின்று, பின்கட்டுத் தெரு மொத்தமும் கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

"அஹ்சனுக்கு விசாவக் குடுங்க. அவன் உம்மா எதையும் திருடல. இத்தன நாளும் நான்தான் அவ வைஃபையில பேசிக்கிட்டு இருந்திருக்கேன். இந்தா, இப்பமும் அதுலதான் பேசுதேன்."